இக்காலுயிட்டிலிருந்து நூக்குக்கு எவ்வளவு தூரம்?

இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் நேர்கோட்டுத் தூரத்தையும் விமான நேரத்தையும் சொல்லும் கணிப்பான்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். வடக்கே போகப் போக அந்தக் கணக்குகள் ருசிக்கும். அப்படிப் பார்த்ததில் மனதைவிட்டு அகலாத ஜோடி ஒன்று உண்டு. கனடாவின் நுனாவுட் பிரதேசத்துத் தலைநகரான இக்காலுயிட், கிரீன்லாந்தின் தலைநகரான நூக். நடுவில் டேவிஸ் நீரிணை. தூரம் சுமார் 820 கி.மீ. நேரம் ஒன்றரை மணி.

இந்த ஒன்றரை மணி எப்படி வருகிறது என்றால், தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடுகிறார்கள். அந்தத் தடத்தில் ஜெட் போகிறதா, விமானம் என்று ஏதாவது போகிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. வருடத்தின் பெரும்பகுதி அங்கே எதுவும் போவதில்லை. இக்காலுயிட்டில் வேலை பார்த்த காலத்தில்தான் இது எனக்கு உறைத்தது. கட்டடங்களின் வெப்பமூட்டும் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. ஒட்டாவாவிலிருந்து போய்த் தங்கி, முடித்துவிட்டுத் திரும்புவேன்.

முதலில் தூரத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம், சுலபம்தான். இரண்டு ஊரும் ஏறக்குறைய 64 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. இக்காலுயிட் விமான நிலையம் 68.6 பாகை மேற்கில், நூக் 51.7 பாகை மேற்கில். வித்தியாசம் 16.9 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகை என்பது 111 கி.மீ. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும். 64 பாகையில் ஒரு பாகை வெறும் 49 கி.மீ.தான். 16.9ஐ அதனால் பெருக்கினால் 820 சொச்சம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இந்த நீரிணை ஒரு சமுத்திரம் மாதிரி அகன்று கிடக்கும். அந்த வரைபடம் நெருங்கிவரும் ரேகைகளை இழுத்துச் சமமாக நிறுத்திவைப்பதால் வரும் தோற்றம் அது. உருண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இன்னும் வடக்கே, நீரிணை குறுகும் இடத்தில், பாஃபின் தீவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே முந்நூறு கி.மீ. அளவுதான்.

சரி, நேரம்? இந்தத் தடத்தில் கிரீன்லாந்துக்காரர்கள் ஓட்டியது டேஷ் 8. இரண்டு விசிறி எஞ்சின், நாற்பதுக்கும் குறைவான இருக்கை. மணிக்கு 500 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 820 கி.மீ.க்கு 1 மணி 38 நிமிடம். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு வரிசை பிடிப்பது எல்லாம் சேர்த்தால் இரண்டு மணியை ஒட்டி வரும். இதில் காற்று புகுந்து விளையாடும். அந்த உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மணிக்கு 80 கி.மீ. காற்று என்றால், நூக்குக்குப் போகும்போது 1 மணி 25 நிமிடம், திரும்பும்போது 1 மணி 57 நிமிடம். மெதுவான விமானத்தில்தான் காற்றின் கை இவ்வளவு ஓங்கும்.

விமானிகளுக்கு இதைவிட முக்கியமான தூரம் வேறு இருக்கிறது. போகிற ஊரில் பனிமூட்டமோ புயலோ வந்து இறங்க முடியாமல் போனால் அடுத்து எங்கே போவது என்ற தூரம். தெற்கே ஒரு நகரத்தைச் சுற்றி நாலைந்து ஓடுபாதைகள் இருக்கும். நூக்குக்கு வெகு காலம் நம்பகமான மாற்று என்று இருந்தது காங்கர்லுசுவாக், வடக்கே 317 கி.மீ. ஆக 820க்கு எரிபொருள் போட்டால் போதாது. நூக் வரை போய், தலைக்கு மேலே வட்டமடித்து, அங்கிருந்து காங்கர்லுசுவாக் போய், அதற்கப்புறமும் அரை மணி நேரம் பறக்கிற அளவு மிச்சம் வேண்டும். எரிபொருள் ஏறினால் எடை ஏறும். எடை ஏறினால் பயணி குறையும், இல்லையென்றால் சரக்கு குறையும். நூக்கின் பழைய ஓடுபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, பக்கத்திலேயே மலை, கீழே கடல். டேஷ் 8 மாதிரி குட்டி விமானங்களுக்கு மட்டும்தான் அது கொடுத்துவைத்திருந்தது.

தலைநகரம் நூக்காக இருக்க, பெரிய ஓடுபாதை மட்டும் சில நூறு பேர் வாழும் காங்கர்லுசுவாக்குக்கு எப்படிப் போனது? இரண்டாம் உலகப் போர். பிரிட்டனுக்குப் போர் விமானங்களைப் பறக்கவிட்டே கொண்டுசேர்க்க அமெரிக்கா வட அட்லாண்டிக்கில் தங்குமிடங்களை வரிசையாகக் கட்டியது. 1941இல் காங்கர்லுசுவாக் இருக்கும் இடத்தில் புளூயி வெஸ்ட் 8 என்ற தளம் எழுந்தது. ஃபியோர்டு என்னும், நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழியின் உள்முனை என்பதால் கடற்கரையின் மூடுபனி அங்கே அவ்வளவாக எட்டாது. அடுத்த வருடம் இந்தப் பக்கம் பாஃபின் தீவில், ஃபுரோபிஷர் விரிகுடாவின் தலைமாட்டில், கிரிஸ்டல் 2 என்ற தளம். அதைச் சுற்றி முளைத்த ஊர்தான் இன்றைய இக்காலுயிட். ஆக இந்த இரண்டு ஓடுபாதைகளும் பிறந்ததே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பறப்பதற்காக. எண்பது வருடங்களுக்கு முன்னால் இந்த நீரிணையைத் தாண்டுவது ஓர் இயல்பான அடுத்த கட்டமாகத் திட்டமிடப்பட்டிருந்தது! இன்றைக்கும் குட்டி விமானத்தை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓட்டிப்போகும் விமானிகளில் சிலர், கடலுக்கு மேல் பறக்கும் நீளத்தைக் குறைக்க இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

போர் முடிந்த பிறகு கோடுகள் திசை மாறின. இக்காலுயிட்டின் ஒவ்வொரு தேவையும் தெற்கே ஒட்டாவாவுக்கும் மாண்ட்ரியாலுக்கும் ஓடியது. கிரீன்லாந்து டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதால், நூக்கின் தேவைகள் கிழக்கே டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனுக்கு ஓடின. இக்காலுயிட்டில் பெரிய வைத்தியம் என்றால் நோயாளியை ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள், 2,100 கி.மீ., மூன்று மணிநேரம். நூக்கில் சமாளிக்க முடியாத நோயாளி போவது கோபன்ஹேகனுக்கு. மேல்படிப்பு, கோப்புகள், குளிர்பதனப் பெட்டிக்கான உதிரிபாகம், எல்லாம் அப்படித்தான். விமானத் தடம் காசும் கையெழுத்தும் போகிற பாதையில் போகிறது, அக்கம்பக்கத்து உறவைப் பார்த்துப் போவதில்லை. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் இதைத்தான்.

நேர்விமானம் இல்லாத மாதங்களில் இக்காலுயிட்டிலிருந்து நூக்குக்கு எப்படிப் போவது? 2024 வரையிலான பழைய வழியைச் சொல்கிறேன். முதலில் ஒட்டாவா, 2,100 கி.மீ. அங்கிருந்து, இடையில் மாறுவதை எல்லாம் விட்டுவிட்டு நேர்கோடாகவே எடுத்தாலும், கோபன்ஹேகனுக்கு 5,900 கி.மீ. அங்கிருந்து வந்த திசையிலேயே திரும்பி காங்கர்லுசுவாக், 3,430 கி.மீ. கடைசியாக டேஷ் 8இல் நூக், 317 கி.மீ. கூட்டிப் பாருங்கள், 11,700க்கு மேல். பூமியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் துளைத்தால் வரும் விட்டமே 12,742 கி.மீ.தான். நேர்தூரத்தைப் போல் பதினான்கு மடங்கு. இதில் என்னை உலுக்குவது ஒன்று: ஒட்டாவா–கோபன்ஹேகன் நேர்கோடு கிரீன்லாந்தின் தென்முனையிலிருந்து இருநூறு கி.மீ.க்குள் கடந்து போகிறது. போக வேண்டிய நாட்டை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு இன்னும் மூன்றாயிரம் கி.மீ. போய், அப்புறம் திரும்ப வேண்டும். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் வழியாகப் போனால் கொஞ்சம் மிச்சமாகும். அதுவும் ஏழாயிரம் கி.மீ.க்கு மேல்.

என்னோடு வேலை பார்த்த, ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களைச் சேர்ந்த ஓர் அம்மாவுக்கு இது வீட்டு விஷயம். அவருடைய தங்கை நூக்கில் வாக்கப்பட்டவர். 2002இல் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுகளை இக்காலுயிட்டும் நூக்கும் சேர்ந்து நடத்தின. ஒரே போட்டி, கடலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அந்த வாரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு விமானங்கள் நீரிணையைத் தாண்டிப் போய்வந்தன. தங்கை தன்னார்வலராகப் போயிருந்தபோது அங்கே ஒருவரோடு பழக்கமாகி, பிறகு கல்யாணம். நல்ல காரியத்துக்கு வழிவிட்ட விமானங்கள் போட்டி முடிந்ததும் போய்விட்டன.

அவர்களுடைய அம்மா இறந்தது பிப்ரவரியில். தகவல் போனில் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. தங்கை நூக்கிலிருந்து கிளம்ப, அன்றைக்குக் காற்று சரியில்லாமல் காங்கர்லுசுவாக் விமானம் நின்றது. அப்புறம் கோபன்ஹேகன், அங்கே ஒரு ராத்திரி. டொராண்டோ. ஒட்டாவா, அங்கே இன்னொரு ராத்திரி, காரணம் இக்காலுயிட்டில் பனிப்புயல். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. “அவள் வந்த டிக்கெட் காசுக்கு நாங்கள் குடும்பத்தோடு ஒரு மாதம் சாப்பிட்டிருப்போம்” என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பாய்லர் அறையில் நான் வால்வைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் சரக்குப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார். அங்கே இருக்கிறவர்களுக்கு இது அன்றாடம். எனக்கு அன்று மாலை வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அறைக்குப் போய் ஒவ்வொரு கட்டத்தின் தூரத்தையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மேலே கொடுத்த கூட்டல் அப்போது போட்டதுதான்.

கடிகாரத்திலும் இதே கதை. 16.9 பாகை வித்தியாசம் என்றால் சூரியக் கணக்கில் 1 மணி 7 நிமிடம். ஆனால் இரு ஊர்க் கடிகாரங்களும் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் 3 மணிநேரம் விலகி நிற்கின்றன. இக்காலுயிட் ஒட்டாவாவின் நேரத்தைப் பிடித்திருக்கிறது. கிரீன்லாந்தோ ஐரோப்பாவோடு வியாபாரம் செய்யத் தோதாக இருக்கட்டும் என்று 2023இல் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் கிழக்கே நகர்த்திக்கொண்டது. விளைவு, கோடையில் இக்காலுயிட்டில் உச்சிவெயில் பன்னிரண்டரை மணிவாக்கில் வரும். நூக்கில் அது பிற்பகல் இரண்டரை மணி. நேர்விமானத்தில் காலை 9 மணிக்கு இக்காலுயிட்டை விட்டால் இரண்டு மணிநேரப் பறப்புக்கு நூக்கில் பிற்பகல் 2. திரும்பும்போது காலை 10 மணிக்கு ஏறி, 9 மணிக்கு இறங்கலாம். அந்த அம்மாவின் பேரனுக்கு இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கிளம்புவதற்கு முன்னால் எப்படி வந்து சேர முடியும் என்று என்னை வெகு நேரம் விடவில்லை.

வானத்தில் ஆளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இக்காலுயிட்டில் தெளிவான நாளில் அண்ணாந்து பார்த்தால் வெள்ளைக் கோடுகள் தெரியும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் பெரிய ஜெட்டுகள் கிரீன்லாந்தையும் பாஃபினையும் தாண்டித்தான் போகின்றன, காரணம் உருண்டையில் அதுதான் குறுக்குவழி. அவற்றில் ஒன்றுக்கு நடுவானில் கோளாறு என்றால் இறங்க இருக்கும் இடங்களில் இக்காலுயிட்டும் ஒன்று. 2017 பிப்ரவரியில் சூரிச்சிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன சுவிஸ் நிறுவனத்தின் போயிங் 777 ஒன்று எஞ்சின் நின்றுபோய் அங்கே இறங்கியது. மாற்று எஞ்சினைப் பெரிய அன்டோனோவ் விமானத்தில் கொண்டுவந்து, அந்தக் குளிரில் பொருத்தினார்கள். அதற்கு முன்பு 2006இல் ஏர்பஸ் ஏ380ஐக் கடுங்குளிரில் சோதித்துப் பார்த்ததும் இக்காலுயிட்டில்தான். உலகத்தின் மிகப் பெரிய பயணி விமானம் வந்து நின்ற ஓடுபாதை அது. அங்கிருந்து பக்கத்து ஊருக்குப் போக வழியில்லை.

இந்தக் கடலின் இரு கரையிலும் இருப்பது ஒரே மக்கள். பேச்சில் வித்தியாசம் உண்டு, எழுத்திலும் உண்டு, ஆனாலும் காது கொடுத்துக் கேட்டால் உறவு தெரியும் என்று அந்த அம்மா சொல்வார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிட்லார்சுவாக் என்ற இனுயிட் தலைவர், பாஃபின் தீவிலிருந்து ஒரு கூட்டத்தை நாய் இழுக்கும் சறுக்குவண்டிகளில் வடக்கே அழைத்துப்போய், உறைந்த கடலைத் தாண்டி வடமேற்குக் கிரீன்லாந்தைச் சேர்ந்தார். அங்கிருந்த சிறு சமூகத்தில் அப்போது கயாக் என்ற குறுகிய படகைக் கட்டும் வித்தை அழிந்துபோயிருந்தது. வில்லும் அம்பும் புழக்கத்தில் இல்லை. வந்தவர்கள் அதையெல்லாம் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். பல வருடங்கள் பிடித்த பயணம் அது. ஆனால் எந்தத் தலைநகரத்தையும் சுற்றாமல் நேராகப் போனார்கள்.

நேர்விமானம் அவ்வப்போது வந்துதான் போயிருக்கிறது. ஏர் கிரீன்லாந்து 2012இல் கோடைகாலச் சேவை ஒன்றைத் தொடங்கி, சில கோடைகளுக்குப் பிறகு நிறுத்தியது. 2024 ஜூன் கடைசியில் கனடியன் நார்த் நிறுவனத்தோடு கைகோத்து மறுபடி ஆரம்பித்தது, வாரம் ஒரு விமானம், அக்டோபர் வரை. நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இக்காலுயிட்டின் மக்கள்தொகை 2021 கணக்குப்படி 7,429. நூக்கில் இருபதாயிரத்தை ஒட்டி. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு சிறு நகரத்து அளவு கிடையாது. இருக்கை நிரம்பாவிட்டால் எரிபொருள் காசே கைக்கு வராது. அதற்கு டிக்கெட்டைப் பார்க்காத ஒரு கை வேண்டும், அதாவது அரசாங்கத்தின் கை. கனடாவும் டென்மார்க்கும் ஹான்ஸ் தீவு என்ற வெறும் பாறைக்காகப் பல பத்தாண்டுகள் இழுபறி நடத்தி, 2022இல் அதை இரண்டாகப் பிரித்து நில எல்லையே போட்டுக்கொண்டன. பாறைக்குச் செலவழித்த அக்கறையில் ஒரு பங்கை மூன்று குளிர்காலத்து விமானத்துக்கு மானியமாக ஒதுக்கலாம் என்பது என் அழுத்தமான கருத்து. கோடையில் ஓடுவது சுற்றுலாவுக்கு நல்லது. சாவும் பிரசவமும் கோடைக்காகக் காத்திருப்பதில்லை.

நூக்கில் இப்போது ஓடுபாதையைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை. 2024 நவம்பர் 28 அன்று 2,200 மீட்டர் நீளப் புதிய ஓடுபாதை திறந்தது. அன்றே கோபன்ஹேகனிலிருந்து பெரிய ஏர்பஸ் நேராக வந்து இறங்கியது. 2025 ஜூனில் நியூயார்க்கை ஒட்டியுள்ள நெவார்க்கிலிருந்தும் யுனைடெட் விமானம் வரத் தொடங்கியது, ஏறக்குறைய நான்கு மணிநேரம். அந்தக் கோடையில் நியூயார்க் பயணி நூக்குக்கு நேராகப் போனார், நல்லதுதான். பிப்ரவரியில் இக்காலுயிட்காரர் இன்னமும் தெற்கே சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கோபன்ஹேகன் கட்டத்தில் காங்கர்லுசுவாக்கில் மாறும் வேலை மட்டும் குறைந்திருக்கிறது. பெரிய விமானம் இறங்க முடிகிற ஓடுபாதை இரண்டு பக்கமும் இருப்பதால், இருக்கும் ஜெட்டையே வாரம் ஒரு முறை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் கணிப்பான் சொல்லும் ஒன்றரை மணிநேரம் உண்மையாகிவிடும்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் கிரீன்லாந்து சேராது. டென்மார்க் தரும் விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று தனியாக எழுதி வாங்க வேண்டும், சாதாரண ஷெங்கன் விசாவோடு போய் நின்றால் ஏற்ற மாட்டார்கள். கனடாவுக்குத் திரும்பி நுழையும் விசாவும் கையில் இருக்க வேண்டும், ஒரே முறை நுழையும் விசா என்றால் இந்த வழி வேண்டாம். இன்னொன்று, வாரம் ஒரு விமானம் மட்டும் இருக்கும் கோடையில் அது மூடுபனியால் நின்றுபோனால் அடுத்தது ஏழு நாள் கழித்துத்தான். அந்த ஏழு நாளுக்கான விடுப்பையும் விடுதிக் காசையும் கணக்கில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.